முன் சக்கரம் - விலை மட்டும் பார்த்தால் போதுமா?

விருதுநகர் பக்கம் சைக்கிள் என்றதும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, அப்பா காலத்து 28 இன்ச் கறுப்பு சைக்கிள். இன்னொன்று, பிளஸ் 1-ல் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள். 2001-02ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கி, பிறகு எல்லோருக்கும் என்று விரிந்த திட்டம் அது. இவற்றுக்கு நடுவே வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயருமாக ரோடு பைக்குகளும் தலைகாட்டுகின்றன. வெயில் ஏறுமுன் விருதுநகரில் கிளம்பி, திருத்தங்கல் வழியாக சிவகாசி போய்த் திரும்பினால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். நல்ல பயிற்சிதான்.

ஆனால் இது கரிசல் பூமி. மழையில் உப்பி, வெயிலில் வெடிக்கிற மண். அதன் மேல் போட்ட சாலை எத்தனை நாள் சமமாக இருக்கும்? போதாக்குறைக்கு ஓரமெல்லாம் சீமைக் கருவேல முள். பள்ளத்தையும் முள்ளையும் முதலில் சந்திப்பது முன் சக்கரம்தான். அதனால்தான் ஸ்பேராக ஒன்று வாங்கி வைக்கலாமே என்ற யோசனை பலருக்கு வருகிறது. நல்ல யோசனை. பின் சக்கரம் போல ஃப்ரீவீல், பல் சக்கரம் என்று எதுவும் கிடையாது என்பதால் செலவும் குறைவு.

சரி, எதை வாங்குவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கடையில் "28 இன்ச் ரிம்" என்று கேட்டால் கறுப்பு சைக்கிள் ரிம்மை எடுத்துக் கொடுப்பார்கள். டயர் உட்காரும் இடத்தில் அதன் விட்டம் 635 மி.மீ. ரோடு பைக்கின் 700சி ரிம்முக்கோ 622 மி.மீ. வேடிக்கை என்னவென்றால், சில 700சி டயர்களிலும் 28 இன்ச் என்றே அச்சிட்டிருக்கும்! பெயர் ஒன்று, அளவு வேறு. ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. எனவே இன்ச் கணக்கை மறந்துவிட்டு, டயரின் பக்கவாட்டில் 25-622 என்பது போல இருக்கும் எண்ணைப் படியுங்கள். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது ரிம்மின் விட்டம். கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது அந்த இரண்டாவது எண்ணைத்தான்.

அடுத்தது ஹப். ரோடு பைக் ஃபோர்க்கின் இடைவெளி பெரும்பாலும் 100 மி.மீ. ஹப்பும் அதே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் விரித்து மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓடும்போது முன் சக்கரம் கழன்றால் ஆள் தலைகுப்புறத்தான் விழுவார். பின்னால் பட்டாசு லாரி வருகிற சாலை இது.

மூன்றாவது, கம்பி. இணையக் கடைகளில் 20 கம்பி போட்ட பளபள சக்கரங்கள் தள்ளுபடியில் கிடைக்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கம்பி அறுந்தாலே சக்கரம் கோணிக்கொண்டு பிரேக் கட்டையில் உரசும். அதே நீளத்தில் கம்பி நம் ஊரில் கிடைக்குமா? 32 கம்பி சக்கரத்தில் ஒன்று போனாலும் மெதுவாக வீடு வந்து சேரலாம். கறுப்பு சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் காலங்காலமாக 32 கம்பிதான், பின் சக்கரத்துக்கு 40. ஆகவே 32 கம்பியைக் கோத்து கோட்டம் எடுப்பது பழைய மெக்கானிக்குகளுக்குக் கைவந்த கலை. இரட்டைச் சுவர் உள்ள அலுமினிய ரிம், சாதாரண ஹப், 32 கம்பி - இவற்றை வாங்கி அவர்களிடம் கொடுத்துக் கட்டச் சொல்வதே புத்திசாலித்தனம். மலிவான சக்கரம் என்றால் குறைந்த விலைக்குக் கிடைப்பது அல்ல, கெட்டால் உள்ளூரிலேயே சரிசெய்ய முடிவதுதான்!

பழைய சக்கரம் வாங்குவதும் தவறில்லை, சோதித்துப் பார்த்து வாங்கினால். கம்பி ஓட்டைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா? பிரேக் கட்டை படும் இடம் தேய்ந்து குழிந்திருக்கிறதா? அச்சைப் பிடித்துக்கொண்டு ரிம்மைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா? முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மூன்றாவது மட்டும் என்றால் கோனை இறுக்கி, புது பால்ஸ், கிரீஸ் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ரிம்மின் அகலமும் பழையதைப் போலவே இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சக்கரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் பிரேக்கையும் திருக வேண்டியிருக்கும். டிஸ்க் பிரேக் வண்டி என்றால் டிஸ்க் மாட்டக்கூடிய ஹப்பாகவும் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. வீட்டில் தொங்கும் ஸ்பேர் வீல் சாத்தூர் சாலையில் முள் குத்தும்போது ஓடி வராது. அங்கே கைகொடுப்பவை ஒரு டியூபும் சின்ன பம்பும்தான். கையில் இருக்கும் காசுக்கு முதலில் அவற்றை வாங்குங்கள். மிச்சத்தில் சக்கரம் கட்டிக்கொள்ளலாம்.