தானாகக் கற்றவன் வாத்தியார் ஆகலாமா?

எங்கள் டோல்கேட்டில் கீபோர்டு பழகுவது கொஞ்சம் கஷ்டம்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்காரர் ஹாரன் அடித்தால், நாம் வாசிப்பது நமக்கே கேட்காது. அந்தச் சத்தத்துக்கு நடுவில், எந்த வாத்தியாரிடமும் போகாமல், சினிமாப் பாட்டைக் கேட்டுக் கேட்டு நானாகவே கற்றுக்கொண்டேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்!

போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, "அண்ணா, எனக்கும் சொல்லிக் குடுங்கண்ணா" என்றான். சொல்லிக் கொடுத்தேன். ஆறே மாதத்தில் நாலைந்து பாட்டு வாசித்தான். சந்தோஷப்பட்டு அவன் அம்மா அவனை கிரேடு பரீட்சைக்குத் தயார் செய்யும் வகுப்பில் சேர்த்தார். முதல் நாளே அங்கே கேட்டார்களாம்: "கட்டைவிரல் எங்கேப்பா?"

அது என் தப்பு. வலது கையால் ஸ்கேல் ஏறும்போது ஸ, ரி, க மூன்றையும் முதல் மூன்று விரல்களால் தொட்டுவிட்டு, கட்டைவிரலை அடியில் நுழைத்து ம-வைப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் மேல் ஸ வரை கை தடுக்காமல் போகும். நான் கட்டைவிரலைத் தொங்கவிட்டே பழகியவன். என் கையை அப்படியே அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அதை மறக்க அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்படியென்றால் தானாகக் கற்றவன் சொல்லித்தரவே கூடாதா? அப்படியும் இல்லை.

புல்லாங்குழல் மாலி (டி.ஆர்.மகாலிங்கம், 1926–1986) குழலைத் தானாகவே கற்றவர். அவரிடம் கற்ற என்.ரமணி (1934–2015) எத்தனையோ பேருக்குக் குருவானார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மாலி சிறுவயதில் மாமாவிடம் வாய்ப்பாட்டு கற்றிருந்தார். குழல்தான் சொந்த முயற்சி. சங்கீதம் முறையாக வந்தது.

இதற்கு நேர் எதிர் மாண்டலின் ஸ்ரீநிவாஸின் குரு ருத்ரராஜு சுப்பராஜு. அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதை மாண்டலினில் வாசிப்பான். தெரிந்ததைக் கொடுத்தார். தெரியாத விரலடியைக் கொடுக்க முயலவில்லை.

ஆக, சொல்லித்தருவதில் இரண்டு சமாசாரம் இருக்கிறது: காது ஒன்று, கை ஒன்று. எங்கள் வடசென்னையில் கானாவுக்கு டோலக் தட்டும் அண்ணன்கள் பலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் கேட்டும் பழகியவர்கள்தான். பாட்டைக் கேட்டதும் சுரத்தைப் பிடிப்பது, தாளம் விடாமல் இருப்பது, தப்பினாலும் நிறுத்தாமல் போவது, இதையெல்லாம் எங்களைப் போன்றவர்கள் நன்றாகவே தரலாம். காசு கட்டி வகுப்புக்குப் போக முடியாத பிள்ளைகளுக்கு முதல் வாசல் பெரும்பாலும் இப்படி ஒரு அண்ணன்தான். "வேண்டாம்" என்று அவரும் சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

ஆனால் கை விஷயத்தில் நேர்மை வேண்டும். "எனக்கு இதுவரைதான் தெரியும், விரலை முறையாகக் கற்றவரிடம் காட்டிக்கொள்" என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நான் சொல்லவில்லை. வாத்தியார் என்று கூப்பிட்ட ருசி!

இப்போது அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். நான் பாட்டைப் பாடிக் காட்டுகிறேன், அவன் சுரம் கண்டுபிடிக்கிறான். போகும்முன் பத்து நிமிடம் எனக்குக் கட்டைவிரலைச் சொல்லித்தருகிறான். "அண்ணா, மறுபடியும் தூக்கிட்டீங்க" என்று அதட்டுகிறான்.