டிஸ்க் சாகவில்லை!

தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. வாலாஜாபாத் பக்கத்தில் தறி ஓடும் வீடுகளுக்குள்ளும் கம்ப்யூட்டர் நுழைந்தது.

முதலில் வந்த லேப்டாப்புகளில் ஒரு விசேஷம். விண்டோசும் இருந்தது, இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. இரண்டும் ஒரே டிஸ்க்கில்!

அது எப்படி? பட்டுப்புடவை ஒன்றுதான். ஆனால் உடல், கரை, முந்தி என்று அதில் பகுதிகள் உண்டு அல்லவா? டிஸ்க்கும் அப்படியே. எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற கணக்கு, டிஸ்க்கின் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கும். பழைய முறையில் அந்தக் கணக்குக்கு உள்ள இடம் வெறும் 64 பைட். நாலு பகுதிகளின் கணக்குத்தான் அதில் அடங்கும்.

கறுப்புத் திரை

"லினக்ஸ் எதற்கு? இடத்தை அடைக்கிறது" என்று பையன் அந்தப் பகுதியை அழித்து விடுகிறான். வந்தது வினை! கம்ப்யூட்டர் விழித்ததும் வழி காட்டுவது 'கிரப்' என்ற சிறு புரோகிராம். அதன் பெரும்பகுதி, அழித்த இடத்தில்தான் இருந்தது. மறுபடி பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் வராது. கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்கியூ' என்ற எழுத்துக்கள்தான் தெரியும்.

"டிஸ்க் போச்சு, பார்மட் பண்ணணும்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே தலையாட்டக் கூடாது. விண்டோஸ் பகுதி அழியவில்லை. அக்காளின் கல்யாணப் போட்டோ, தறிக்கு வரைந்த டிசைன் எல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. வழிதான் தொலைந்தது. விண்டோஸ் டிஸ்க்கையோ பென்டிரைவையோ போட்டு, அந்த வழியை மட்டும் சரி செய்தால் போதும்.

பார்மட் செய்வது கடைக்காரருக்குச் சுலபம். தேடி எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கூலி கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். கல்யாணப் போட்டோவை மறுபடி எடுக்க முடியுமா?

கணக்கே அழிந்து விட்டதா? அதற்கும் வழி உண்டு. 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவச புரோகிராம், டிஸ்க் முழுவதையும் துழாவிப் பகுதிகளின் எல்லையைக் கண்டுபிடிக்கும். கணக்கைத் திரும்ப எழுதும். பல சமயம் பலிக்கும். ஆனால் அதுவரை அந்த டிஸ்க்கில் புதிதாக எதையும் பதியக் கூடாது. பதிந்தால் பழையது அழியும்.

'டக் டக்' என்று டிஸ்க் சத்தம் போட்டால் கதை வேறு. அது இயந்திரக் கோளாறு. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும்.

கடைக்குப் போனதும் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: "அண்ணே, பைல் எல்லாத்தையும் வேறே டிஸ்க்கிலே காப்பி எடுத்துடுங்க. மத்த வேலையை அப்புறம் பாருங்க."