லயத்துக் கொல்லையைக் கைவிடலாமா?



கறிவேப்பிலை, கீரை, பச்சை மிளகாய் கூட வேன்காரரிடம் காசு கொடுத்து வாங்குகிற தோட்டத்துக் குடும்பங்கள் பெருகிவிட்டன. லயத்துக்குப் பின்னால் மண் இருக்கிறது. அதில் லாலான் மண்டிக் கிடக்கிறது. இது சரிதானா என்று கேட்கத்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

லயத்துக் கொல்லை எந்தத் துரையும் போட்ட பிச்சை அல்ல. மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது ஒரு வீசம் நிலம், பயிர் செய்துகொள்ள ஒதுக்க வேண்டும் என்றது. ஒரு வீசம் என்றால் சுமார் 2,700 சதுர அடி. நம்ம பாட்டிமார் முருங்கையும் வாழையும் வைத்தது அப்படிப்பட்ட மண்ணில்தான். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காதபோது பல குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்ததும் அந்த மண்ணில் விளைந்த மரவள்ளிக்கிழங்குதான்.

சிங்கப்பூரைப் பாருங்கள். 1877ல் 22 ரப்பர்க் கன்றுகள் வந்து இறங்கியது அங்கேதான். அவற்றில் சில பூமலையில் நடப்பட்டன. செம்பவாங், நீசூன் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர்க் காடு. இன்றைக்கு அங்கே அடுக்குமாடி வீடுகள். அந்த நாட்டு மக்களில் பத்துக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இருக்கிறார்கள். கொல்லை கிடையாது. முருங்கைக்கீரையும் வாழையிலையும் வேண்டுமானால் தேக்காச் சந்தைக்குத்தான் போக வேண்டும்.

அதற்காக அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தேசிய பூங்காக் கழகம் 2005ல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. குடியிருப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் சேர்த்து இன்றைக்குச் சுமார் 2,000 தோட்டங்கள் இருக்கின்றன. 2016ல் தனி ஆளுக்குப் பாத்தி வாடகைக்கு விடும் திட்டமும் வந்தது. பாத்தியின் நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர். அதாவது 27 சதுர அடி. நம்ம பழைய சட்டம் சொன்ன வீசத்தில் நூற்றில் ஒரு பங்கு! அதற்கும் விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் பெயர் விழுந்தால்தான் கட்டணம் கட்டி மூன்று வருஷம் பயிர் செய்யலாம். அந்த 27 சதுர அடிக்கு அவ்வளவு கிராக்கி. நமக்கோ வாசலில் இருக்கிற மண் கண்ணுக்குத் தெரியவில்லை.

"நாள் பூரா வேலைக்காட்டில் மாடா உழைச்சிட்டு வீட்டுக்கு வந்தும் மண்வெட்டியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் பெரிதாக ஆரம்பிக்க வேண்டாம். அம்மா ஒருத்தி தலையில் எல்லாவற்றையும் கட்டவும் வேண்டாம். ஆண்கள் கொத்தட்டும், பிள்ளைகள் தண்ணீர் ஊற்றட்டும்.

முதலில் நாலு செடி போதும்: கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய், கீரை. முருங்கைக்கு விதை தேட வேண்டாம். மணிக்கட்டுப் பருமனில் மூன்றடிக் கொம்பு ஒன்றை நட்டாலே துளிர்க்கும். நுனியை வெட்டி ஆள் உயரத்தில் வைத்தால் கீரை பறிக்க ஏணி தேவைப்படாது. தண்டுக்கீரை மூன்று நாலு வாரத்தில் குழம்புச் சட்டிக்கு வந்துவிடும். காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் குழியில் போட்டு மேலே மண் மூடுங்கள். மூடாவிட்டால் எலி வரும். அரிசி கழுவின தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள்.

இடம் இல்லாதவர்கள் பழைய எண்ணெய் டின்னில் அடியில் ஓட்டை போட்டுச் செடி வைக்கலாம். ஆனால் ஒன்று: புல் மருந்து வந்த டின்னை எடுக்கவே எடுக்காதீர்கள். செடி வைக்கவும் கூடாது, தண்ணீர் பிடிக்கவும் கூடாது. "கழுவினால் போயிடும்" என்பது தவறு. மலேசியா 2020ல் பாராகுவாட் மருந்தையே தடை செய்தது என்றால் அதன் விஷம் எப்படிப்பட்டது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கொசு. சிங்கப்பூரில் 2020ல் மட்டும் 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது. முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். அதனால் செடித் தட்டில் தேங்கும் தண்ணீரை அப்பப்போ கொட்டுங்கள். இறுகிய மண்ணைக் கிளறி விடுங்கள். வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போனவர்கள் சிங்கப்பூர் விதியைப் பின்பற்றலாம். நடைபாதையில் செடி வைத்தால் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது அங்கே தீயணைப்புக்காக இருக்கும் விதி. சுவர் விளிம்பில் தொட்டி வைக்கவே கூடாது. விழுந்தால் கீழே போகிறவர் உயிர் போகும்.

கடைசியாக, சங்கத்துக்காரன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. கொல்லை சம்பளத்துக்கு ஈடு அல்ல. "உங்களுக்குத்தான் காய்கறி இருக்கே" என்று பேச்சுவார்த்தையில் எவராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கீரை மிச்சப்படுத்தும் காசு தொழிலாளி வேர்வைக்குக் கிடைத்தது, முதலாளி கழித்துக்கொள்ள அல்ல.

தோட்டம் துண்டாடப்பட்டு, மாற்று வீடு என்று அடுக்குமாடியைக் காட்டும்போது வீட்டோடு சேர்த்துப் பொதுத் தோட்டத்துக்கும் ஒரு துண்டு நிலம் கேளுங்கள். வாய்ச் சொல் போதாது, எழுத்தில் வாங்குங்கள். நிலத்துக்குத் தவிக்கும் சிங்கப்பூரிலேயே அடுக்குமாடிக்குக் கீழே இடம் ஒதுக்க முடிகிறது என்றால் இங்கே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த கிளைக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகச் சேருங்கள். கூட்டம் வரும்வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே லாலானை வெட்டத் தொடங்குங்கள்.