நரை ஒரு குற்றமா?

நாற்பது வயதான ஸ்திரீயைப் பார்த்து, "நரையை மறை, சுருக்கத்தை மறை, இருபது வயதுக்காரியாகத் தோன்று" என்று உபதேசிக்கும் விளம்பரங்கள் இன்று எங்கும் மலிந்து கிடக்கின்றன. நரைத்த புருஷனை "அனுபவசாலி" என்கிற உலகம், நரைத்த பெண்ணைக் "கிழவி" என்கின்றதே, இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

நரையாவது, மயிர்க்காலில் நிறமி உண்டாவது குறைவதேயன்றி வேறல்ல. இதில் வெட்கத்திற்கு இடமேது? ஆனால் வெட்கத்தை உண்டாக்கினாலல்லவோ சரக்கு விற்கும்!

அந்தச் சரக்கின் யோக்கியதைதான் என்ன? தலைச்சாயங்கள் பலவற்றிலுள்ள பாராஃபினைலீன்டையமின் சிலருக்கு முகம் வீங்கச் செய்யும். முதுமைப் புள்ளிகளைப் போக்கி வெளுக்க வைப்பதாகச் சொல்லும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் உண்டு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்து மலப்புறத்தில் வெளுப்புப் பூச்சு பூசிச் சிறுநீரக நோய்க்கு ஆளானவர்களை 2023-ல் வைத்தியர்கள் கண்டார்கள்.

தோழர்களே! சாயம் பூசாதே என்று கட்டளையிட நாம் வரவில்லை. இஷ்டப்பட்டுப் பூசுவது வேறு. "புருஷன் வெறுப்பானே, ஊர் சிரிக்குமே" என்று பயந்து பூசுவது வேறு. பின்னது அடிமைத்தனமேயாகும். முதலில் அந்தப் பயம் ஒழியட்டும். பிறகு டப்பி வேண்டுமா, வேண்டாமா என்பதை அவளே தீர்மானித்துக்கொள்வாள்.