கை நகராத மவுஸ்

தங்கையின் ஐந்தாம் மாத ஸ்கேனுக்குத் துணைக்குப் போயிருந்தேன். அவள் திரையில் குழந்தையின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு டாக்டரின் இடது கையை விட்டுக் கண் நகரவில்லை. வலது கை வயிற்றின் மேல் கருவியைப் பிடித்திருக்க, இடது கை மிஷினில் பாதி புதைந்திருந்த ஒரு பந்தை விரல் நுனியால் உருட்டியது. தலையின் இந்த ஓரத்தில் ஒரு புள்ளி, அந்த ஓரத்தில் ஒரு புள்ளி. அளவு வந்துவிட்டது. மணிக்கட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

என் வலது மணிக்கட்டு வலித்துக்கொண்டிருந்த காலம் அது. பதினெட்டு வருடமாகப் பக்க வடிவமைப்பு வேலை. நாள் முழுக்க மவுஸைத் தள்ளுவதும், மேஜை விளிம்பு வந்ததும் தூக்கி மறுபடி வைப்பதும்தான். புரூஃப் கட்டுக்கும் டீ கிளாஸுக்கும் நடுவே அதற்குக் கிடைத்த இடம் ஒரு சாண். அடுத்த மாதச் சம்பளத்தில், அதேபோல் பந்தை உருட்டிக் கர்சரை நகர்த்தும் டிராக்பால் ஒன்றை வாங்கினேன்.

இதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். மவுஸுக்கு அண்ணன் இது. ரேடார் திரையில் இடம் குறிப்பதற்காக, 1946-இல் பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய ரால்ஃப் பெஞ்சமின் உருவாக்கினார். ராணுவ ரகசியமாகவே வைத்திருந்தார்கள். பிறகு கனடா கடற்படைக்காகச் செய்த ஒன்றில் பவுலிங் விளையாட்டுப் பந்தையே பொருத்தினார்கள். டக்ளஸ் எங்கல்பர்ட்டின் மவுஸ் 1960-களில்தான் வந்தது. ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனம் 1968-இல் டிராக்பாலைக் கவிழ்த்துப் போட்டே தன் மவுஸைச் செய்தது.

முதல் வாரம் சிரமம்தான். கர்சர் பட்டனைத் தாண்டித் தாண்டி ஓடும். செட்டிங்ஸில் வேகத்தைக் குறைத்ததும் வசப்பட்டது. நான் முதலில் வாங்கியது கட்டைவிரலால் உருட்டும் வகை. நாலே மாதத்தில் கட்டைவிரல் சோர்ந்துபோனது. இப்போது வைத்திருப்பது பெரிய பந்து, நடுவிரல்களால் உருட்டுவது. இரு பக்கமும் ஒரே வடிவம் என்பதால் மாலையில் இடது கைக்கு மாற்றிக்கொள்கிறேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு இந்த வகையையே சொல்வேன்.

பந்து மூன்று சின்ன மணிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விரல் எண்ணெயும் தூசியும் அங்கே சேர்ந்தால் உருளல் கரகரக்கும். வெள்ளிக்கிழமைதோறும் பந்தை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, அந்த மூன்று மணிகளையும் சுத்தம் செய்துவிடுவேன். ஒரு குறையும் உண்டு: பட்டனை அழுத்திப் பிடித்தபடியே பந்தை உருட்டி ஒரு படத்தை இழுத்து வைப்பது இன்றும் எனக்குச் சரளமாக வரவில்லை.

என் வலி குறைந்ததற்கு டிராக்பால் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். நாற்காலியின் உயரத்தை மாற்றினேன். மணிக்கொரு முறை எழுந்து நடக்கிறேன். ஆனால் முழங்கை முதல் விரல் வரை அலைந்துகொண்டிருந்த கை இப்போது ஓரிடத்தில் கிடக்கிறது. அந்த வித்தியாசம் ராத்திரி படுக்கும்போது தெரிகிறது.

பக்கவாதத்துக்குப் பின் தோளைத் தூக்க முடியாதவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் எத்தனையோ பேர் மவுஸோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரையே ஒதுக்கிவிடுகிறார்கள். இப்படி ஒரு பொருள் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கடைகளிலும் கண்ணில் படுவதில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், ஒரு டிராக்பாலை வாங்கி அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பழக ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள்.