ரசிகனின் சாட்சி

“ஜனங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்பது ஒரு கட்சி. “ஜனங்கள்தாம் தீர்ப்புச் சொல்லிவிட்டார்களே, அப்புறம் என்ன பேச்சு?” என்று கேட்பது இன்னொரு கட்சி. முதல் கட்சிக்காரர் தம்மை விமர்சகர் என்று சொல்லிக்கொள்கிறார். இரண்டாவது கட்சிக்காரர் கடை வைத்திருக்கிறார். இருவரும் ஜன்ம விரோதிகள் மாதிரி நடுத்தெருவில் சண்டை போட்டுக்கொள்வார்கள். எனக்கு என்னவோ இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகத்தான் தெரிகிறார்கள். ஒருவர் ரசிகர்களின் தலைகளை எண்ணிப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறார். மற்றவர் அதே தலைகளை எண்ணிக் கல்லாவை நிரப்பிக்கொள்கிறார். எண்ணிய தலைக்குள் என்ன நடந்தது என்று விசாரிக்க இருவருக்குமே அவகாசம் கிடையாது.

விசாரிக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு ஒரு வழக்கு வேண்டுமல்லவா? இங்கிலாந்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் சங்கீதக் கோஷ்டி 1973 மார்ச் மாதத்தில் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்று ஓர் இசைத்தட்டை வெளியிட்டது. நிலவின் இருண்ட பக்கம் என்று பொருள். ரசிகர்களின் அபிப்பிராயத்துக்கு மதிப்பு உண்டா இல்லையா என்ற தகராறு இந்த ஒரு தட்டின் தலையில் விழுந்த அளவுக்கு வேறெதன் தலையிலும் விழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ராக் என்றாலே கூச்சலும் குதிப்பும்தான் என்று எண்ணுகிற வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். தட்டின் நீளம் ஏறக்குறைய 43 நிமிஷம். பக்கத்துக்கு ஐந்தாகப் பத்து உருப்படிகள்; ஒரு பக்கத்துக்குள் ஒன்று முடியும் இடமும் மற்றொன்று தொடங்கும் இடமும் தெரியாதபடி ஒன்றோடொன்று கலந்து ஓடுகின்றன. இதயத் துடிப்பில் ஆரம்பித்து இதயத் துடிப்பிலேயே அடங்குகிறது. நடுவில் கடிகாரங்கள் ஒருமிக்க அலறுகின்றன. கல்லாப் பெட்டி சில்லறையோடு குலுங்குகிறது. வீணாய்ப் போன காலம், பணம், சித்தப் பிரமை, சாவு — இவைதாம் விஷயம். கோஷ்டியை முன்னின்று நடத்திய சிட் பாரெட் மனம் பேதலித்து 1968-ல் விலகிப்போனவர். அந்த நண்பரின் நிழல் இந்தத் தட்டின் மேல் விழுந்து கிடக்கிறது.

முதலில் கடைக்காரரின் வாதத்தைப் பார்க்கலாம். அவர் கையில் இருப்பது கணக்குப் புத்தகம். அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் 1988 வரையில் 741 வாரங்கள் இந்தத் தட்டு இருந்தது. பதினாலு வருஷத்துக்கும் மேலே! “இதற்குப் பிறகும் சாட்சி வேண்டுமா?” என்கிறார் அவர்.

வேண்டும், ஐயா. உங்கள் புத்தகத்தில் வாங்கியவர்களின் கணக்கு இருக்கிறது. கேட்டவர்களின் கதை இல்லை. போகட்டும், உங்கள் கணக்கையாவது நீங்கள் ஒழுங்காகப் படித்தீர்களா? அந்தப் பட்டியலில் இந்தத் தட்டு முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். அது பிறந்த இங்கிலாந்தில் 1973-ல் இரண்டாம் இடத்துக்கு மேல் ஏறவே இல்லை. விளம்பரமும் வானொலியும் முதல் வருஷத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். பதினாலாவது வருஷத்தை இழுத்தது யார்? அண்ணன் தம்பிக்குக் கொடுத்திருப்பான்; விடுதி அறையில் ஒருவன் விளக்கை அணைத்துவிட்டு, “பேசாமல் கேள்” என்று சிநேகிதனிடம் சொல்லியிருப்பான். அந்தப் “பேசாமல் கேள்” என்ற வார்த்தை இருக்கிறதே, அதுதான் அபிப்பிராயம். மற்றதெல்லாம் ரசீது.

இனி விமர்சகர். எல்லோரையும் சொல்லவில்லை, தட்டு வந்தபோதே காது கொடுத்துக் கேட்டுப் பாராட்டி எழுதியவர்களும் உண்டு. நான் சொல்வது வேறு ரகம். 1973 பிப்ரவரி 27-ந் தேதி லண்டன் கோளரங்கத்தில் பத்திரிகைக்காரர்களுக்கென்று இந்தத் தட்டை ஒலிபரப்பினார்கள். நாலு திசையிலிருந்தும் ஒலி வரும்படியான பதிவு தயாராகவில்லை. மட்டமான ஒலிபெருக்கியில் போடப்போகிறார்கள் என்று தெரிந்து, ரிச்சர்ட் ரைட் ஒருவரைத் தவிரக் கோஷ்டியார் யாரும் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. வந்த விருந்தாளிகளை வரவேற்றவை நாலு பேரின் ஆளுயர அட்டைப் பொம்மைகள்! கெட்டுப்போன ஒலியில், அட்டை மனிதர்களின் முன்னால், கையில் கோப்பையோடு கேட்கிற சங்கீதம் எத்தனை தூரம் உள்ளே இறங்கும்? விருந்துக்குப் போய்த் திரும்பியவர் அபிப்பிராயம் சொல்லலாமாம். காசு கொடுத்து வாங்கி, வீட்டில் நூறு தடவை கேட்டவன் மட்டும் வாயைத் திறக்கக் கூடாதாம். இது என்ன நியாயம்?

அடுத்து வந்தது வெறுப்பு நாகரிகம். 1970-களின் நடுவில் லண்டனில் பங்க் இளைஞர்கள் கிளம்பினார்கள். அவர்களில் பேர்பெற்ற ஜான் லைடன், பிங்க் ஃபிளாய்ட் படம் போட்ட பனியன் ஒன்றின் மேல் ‘நான் வெறுக்கிறேன்’ என்று கையால் எழுதி மாட்டிக்கொண்டு திரிந்தார். எத்தனையோ பேருக்கு அந்தப் பனியனே வேதவாக்காகிவிட்டது. எல்லோருக்கும் பிடித்ததைப் பழித்தால்தான் தான் அறிவாளி என்று ஒரு கூட்டம் நம்பத் தொடங்கியது. பல வருஷம் கழித்து லைடனே, பிங்க் ஃபிளாய்டின் மேல் தமக்கு அப்படியொன்றும் மெய்யான வெறுப்பு இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார். அவர் பனியனைக் கழற்றிவிட்டார். அவரைப் பார்த்து மாட்டிக்கொண்டவர்களில் பலர் இன்னும் கழற்றவில்லை. ஊருக்குக் காட்டுவதற்காக உடுத்திக்கொள்கிற அபிப்பிராயத்துக்கு உடம்போடு உறவு கிடையாது. துவைத்தால் சாயம் போய்விடும்.

சாமானியன் பேச்சுக்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு இந்தத் தட்டே பதில் சொல்லியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. பதிவு நடந்தபோது கோஷ்டியின் ரோஜர் வாட்டர்ஸ் சில கேள்விகளை அட்டைகளில் எழுதிவைத்தார். ஆபி ரோடு ஸ்டூடியோவில் அகப்பட்டவர்களை உட்கார வைத்து, அட்டை அட்டையாகக் காட்டிப் பதில்களைப் பதிவு செய்தார். என்ன நிறம் பிடிக்கும் என்கிற மாதிரி சாதாரணமாக ஆரம்பித்து, நீ கடைசியாக எப்போது கைநீட்டி அடித்தாய், சாவுக்குப் பயப்படுகிறாயா என்று கேள்விகள் போகும். சாமான் தூக்குகிறவர்கள் பதில் சொன்னார்கள். ஸ்டூடியோ வாசலில் நின்ற காவலாளி ஜெரி ஓ’டிரிஸ்கால் பதில் சொன்னார். உலகமெல்லாம் கொண்டாடிய பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார்.

தட்டில் இடம் பெற்றது யார் குரல் என்று நினைக்கிறீர்கள்? மெக்கார்ட்னியின் பதில்கள் வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். அவர் யோசித்து, ஜோடித்து, சாமர்த்தியமாகப் பேசினாராம். வாயிற்காவலர் பேசியதோ மனசில் பட்டதை. தட்டின் முடிவில், இதயத் துடிப்பு அடங்கிக்கொண்டிருக்கும்போது, நிலவைப் பற்றி நாம் கேட்கிற கடைசிக் குரல் அந்தக் காவலாளியின் குரல்தான். கீர்த்தி வாசலோடு நின்றது. வாசலில் நின்றவர் உள்ளே போனார். தட்டை உண்டாக்கியவர்களே இப்படித் தேர்ந்தெடுத்திருக்கும்போது, அதைக் கேட்கிற சாமானியனைப் பார்த்து “உனக்கு என்ன தெரியும்?” என்று அதட்டுகிறவர் எந்தத் தட்டைக் கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

இன்னொரு சாட்சி. முதல் பக்கத்தின் கடைசியில் ரிச்சர்ட் ரைட்டின் பியானோவுக்கு மேலே ஒரு பெண் குரல் எழும். பாட்டில் வார்த்தையே கிடையாது. அலறலா, அழுகையா, பிரார்த்தனையா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். பாடியவர் கிளேர் டாரி. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்கள், வந்தார், தம் குரலையே ஒரு வாத்தியமாக்கிக்கொண்டு பாடினார், அதிகப்படியாகக் கத்திவிட்டோமோ என்று கூச்சத்தோடு வீடு திரும்பினார். கூலி 30 பவுன். பாடகி என்று தட்டின் உறையில் அவர் பெயர் இருந்தது. இயற்றியவர் என்ற இடத்திலோ ரைட்டின் பெயர் மட்டுந்தான். 2004-ல் டாரி வழக்குத் தொடர்ந்தார். 2005-ல் சமரசமாயிற்று. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் இயற்றியவர்கள் ரைட், டாரி என்று இரண்டு பெயர்கள்.

சட்டத்துக்கு இது தெரிய 32 வருஷம் ஆயிற்று. ரசிகனுக்கு? அந்த உருப்படியைப் பற்றி எந்த ரசிகனிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். “அந்தப் பெண் குரல்...” என்றுதான் ஆரம்பிப்பான். யார் இயற்றியது, யாருக்கு எத்தனை பங்கு என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. அந்தக் குரலை எடுத்துவிட்டால் அந்த உருப்படி இல்லை என்பது மட்டும் தெரியும். காகிதத்தில் இல்லாத நியாயம் அவன் காதில் இருந்தது. இதற்குத்தான் சாட்சி என்று பெயர்.

அப்படியானால் ரசிகன் சொல்வதெல்லாம் சத்தியமா? அதுவும் இல்லை. 1990-களின் நடுவில் ஒரு புரளி கிளம்பிற்று. 1939-ல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ என்ற சினிமாவை ஓடவிட்டு, கூடவே இந்தத் தட்டையும் போட்டால், இரண்டும் ஜோடி சேர்ந்து நடக்கிறதாம். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்களாம்! கோஷ்டியாரும் மறுத்தார்கள், ஒலிப்பதிவு செய்த ஆலன் பார்சன்ஸும் மறுத்தார். யார் கேட்டார்கள்? படத்தைப் பார்த்துப் பார்த்துப் பொருத்தம் தேடினார்களே தவிரச் சங்கீதத்தைக் கேட்கவில்லை. இந்த ரசிகருக்கும் கோளரங்கத்து விருந்தாளிக்கும் நான் வித்தியாசம் காணவில்லை. இருவருமே தட்டு ஓடும்போது வேறு காரியம் பார்த்தவர்கள்.

கடைசியாகப் படைத்தவரின் உரிமை என்று ஒரு வாதம் உண்டு. தட்டின் பாட்டு வரிகள் முழுவதையும் எழுதிய ரோஜர் வாட்டர்ஸ், 1985-ல் கோஷ்டியை விட்டு விலகியவர், எண்பது வயதில், 2023 அக்டோபரில் அதே தட்டைத் தம் போக்கில் மறுபடி பதிவு செய்து வெளியிட்டார். கிட்டார் ஆலாபனைகள் போய்விட்டன; டாரியின் குரல் இருந்த இடத்தில் கிழவரின் தாழ்ந்த பேச்சு. முதுமை கனத்த அந்தக் குரல் சிலருக்குப் பிடித்தது, பலருக்குப் பிடிக்கவில்லை. பழையதற்கு இது மாற்று அல்ல என்று வாட்டர்ஸே சொல்லிவிட்டார். ஆனால், “எழுதியவரே செய்திருக்கிறார், வேண்டாம் என்று சொல்ல நீ யார்?” என்று ரசிகனை மடக்கப் பார்க்கிறார்கள் சில பக்தர்கள்.

அவன் யாரா? தட்டு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே, 1972 ஜனவரியில் பிரைட்டன் நகரத்து மேடையில் இதை முதன்முதலாக வாசித்தபோது, கருவிகள் தகராறு செய்து பாதியில் நிற்க, எதிரே உட்கார்ந்திருந்தானே, அவன்தான் அவன். அந்த வருஷம் முழுவதும் ஊர் ஊராக மேடையில் வாசித்து, மாற்றி, திருத்திய பிறகுதான் இது தட்டாயிற்று. ரசிகன் காதில் வளர்ந்த பிள்ளை இது. திருத்தி எழுதப் படைத்தவருக்கு உரிமை உண்டு. அது அவர் சொத்து. கேட்டவனுக்குள் ஐம்பது வருஷமாகக் குடியிருக்கிறதே, அதைக் காலி செய்யச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை.

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த வம்பெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பாட்டுக்கு நேர்ந்ததுதான் கதைக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது. “உங்கள் நாவல் பிரமாதம்” என்று வருகிற கடிதம் எனக்கு எதுவும் சொல்வதில்லை. “உங்கள் நாவல் குப்பை” என்று வருகிறதும் அப்படித்தான். “அந்தக் கிழவி வாசலில் தனியாக நின்ற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை” என்று ஒரு வாசகி எழுதினால், அதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அவள் என்னைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள்.

ஆகையால், நூறு சிறந்த தட்டு, நூறு சிறந்த நாவல் என்று யாராவது பட்டியல் நீட்டினால் மடித்து வையுங்கள். எத்தனையாவது இடம் என்று கேட்பது பந்தயக் குதிரைக்குச் சரி. உங்களுக்குப் பிடித்ததைப் பிடித்தது என்று சொல்ல விமர்சகரிடம் சீட்டு வாங்க வேண்டியதில்லை. ஊரோடு சேர்ந்து கைதட்டவும் வேண்டியதில்லை. ஆனால் சாட்சி சொல்ல வருகிறவன் சம்பவத்தின்போது ஆஜராகி இருந்திருக்க வேண்டும். நாற்பத்து மூன்று நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதைத் தள்ளுபடி செய்ய எந்தக் கொம்பனுக்கும் அதிகாரம் கிடையாது.