மொட்டை மாடி வானம்: ஏழு மணிக்கே டெலஸ்கோப்பில் என்ன பார்க்கலாம்?

பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிய டெலஸ்கோப் பல வீடுகளில் பரணுக்குப் போய்விடுகிறது. `நல்லா இருட்டட்டும்' என்று காத்திருந்தால் எட்டு மணி ஆகிவிடும். அதற்குள் ஹோம்வொர்க், சாப்பாடு, தூக்கம் என்று குழந்தையின் நாளே முடிந்துவிடும்.

ஆனால், முதன்முதலாகப் பார்க்க வேண்டிய பலவற்றுக்கு முழு இருட்டு தேவையே இல்லை. சிலவற்றுக்கு இருட்டுதான் இடைஞ்சல்!

தமிழ்நாட்டில் சூரியன் மறைந்த பிறகு வானம் முழுதாக இருட்ட சுமார் ஒன்றேகால் மணி நேரமாகும். அந்த நேரத்தில் பார்க்கக் கூடியவை இவை.

முதலில் ஓர் எச்சரிக்கை

சூரியன் முழுதாக மறையும் வரை டெலஸ்கோப்பை மேற்குப் பக்கம் திருப்பவே கூடாது. அதன் மேலிருக்கும் சின்ன பைண்டர் வழியாகச் சூரியனைப் பார்த்தாலும் கண் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். எதிர்வீட்டுக்குப் பின்னால் சூரியன் ஒளிந்துகொள்வது அஸ்தமனம் ஆகாது. போனில் அஸ்தமன நேரத்தைப் பார்த்து, அது கடந்து சில நிமிடங்கள் கழித்தே தொடங்க வேண்டும். குழந்தைகளைத் தனியாக விடக் கூடாது.

வெள்ளி

வெள்ளி சில மாதங்கள் மாலையிலும், சில மாதங்கள் அதிகாலையிலும் தெரியும். மாலையில் தெரியும் மாதங்களில், மேற்கே முதலில் பளிச்சிடுவது பெரும்பாலும் இதுதான். இருட்டிய பிறகு பார்த்தால் கண் கூசும்; உருவம் பிடிபடாது. வானம் வெளுப்பாக இருக்கும்போது அந்தக் கூச்சம் குறைந்து, நிலவைப் போலவே வெள்ளிக்கும் பிறை இருப்பது தெளிவாகத் தெரியும். 1610-ல் கலிலியோ கவனிக்கத் தொடங்கியதும் இதைத்தான். வெள்ளி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு அது வலுவான சான்றானது.

வளர்பிறை நிலா

மூன்றாம் பிறை முதல் அஷ்டமி வரை நிலவுக்கு ஏற்ற நாள்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே நிழல்கள் நீளமாக விழுவதால், பள்ளங்களும் மலைகளும் புடைத்துத் தெரியும். பௌர்ணமியில் நிழல் இல்லாததால் எல்லாம் தட்டையாகிவிடும்.

வியாழன்

வானம் கருநீலமாகும் நேரத்தில் வியாழனின் மேகப் பட்டைகள் தெரியத் தொடங்கும். இன்னும் கொஞ்சம் இருட்டினால், அதன் நான்கு பெரிய நிலவுகள் புள்ளிகளாகப் பக்கத்தில் வரும். மறுநாள் பார்த்தால் அவை இடம் மாறியிருக்கும். இரண்டு நாள் தாளில் வரைந்து ஒப்பிடச் சொன்னால் குழந்தைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

புதுச்சேரி தந்த இரட்டை நட்சத்திரம்

ஜூன், ஜூலை மாலைகளில் மேகம் வழிவிட்டால், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே ஆல்ஃபா சென்டாரி தெரியும். வெறும் கண்ணுக்கு ஒன்று, டெலஸ்கோப்பில் இரண்டு. இதை 1689 டிசம்பரில் கண்டறிந்து குறித்தவர் ழான் ரிஷோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அவர் அப்போது ஒரு வால் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடம், நம் புதுச்சேரி!

தயாராவது எப்படி?

* அரை மணி நேரம் முன்பே டெலஸ்கோப்பை மாடியில் வைத்துவிடலாம். வெளிக்காற்றின் சூட்டுக்குப் பழகினால்தான் படம் அலைபாயாது.

* வெளிச்சம் இருக்கும்போதே, சூரியனுக்கு எதிர்த்திசையில் உள்ள ஒரு செல்போன் டவரையோ, கோயில் கோபுரத்தையோ வைத்துப் பைண்டரைச் சரிசெய்துகொள்ளலாம்.

* குறைவாகப் பெரிதாக்கும் ஐபீஸில் தொடங்க வேண்டும். பொதுவாக, எண் பெரிதாக இருப்பதே அது. உதாரணமாக, 25 மி.மீ.

* அன்று எந்தக் கோள் எங்கே என்பதை ஸ்டெல்லேரியம் போன்ற ஆப் காட்டிவிடும்.

மங்கலான நெபுலாக்களுக்கும் கேலக்ஸிகளுக்கும் நல்ல இருட்டும், நகரத்தைத் தாண்டிய ஊரும் வேண்டும். நிலவுக்கும் கோள்களுக்கும் தெருவிளக்கு ஒரு பொருட்டே இல்லை. அதனால், நெரிசலான நகரத்து மொட்டை மாடியிலும் இவற்றைப் பார்த்து முடித்துவிட்டு, எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்துவிடலாம்.